மீன்கள் பழைய தண்ணீரில் உயிரோடு இருக்கின்றன, புதிய தண்ணீரிலும் உயிரோடு இருக்கின்றன. இரண்டும் கலந்தால் மட்டும் மீன்கள் இறப்பது ஏன்?

மேடவாக்கம் தொட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டு மீன்தொட்டியில் இந்த ஆண்டு இரண்டு முறை மீன்கள் கூட்டமாக இறந்துவிட்டன. விசாரிக்காத கடை இல்லை. ஆனாலும் காரணம் பிடிபடவில்லை. விவரங்களை முழுமையாக எழுதுகிறேன். பொறுமையாகப் படித்து வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டி 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. மணல், மரக்கட்டை, கற்கள் ஆகியவை பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். மூன்று ஆண்டுகளாக ஓடும் தொட்டி இது. ஏஞ்சல், நியான் டெட்ரா, கோரி, முத்துக் கௌராமி ஆகியவற்றை ஒன்றாக வளர்த்து வந்தேன். தொங்கும் ஃபில்டர் ஒன்றும் ஏர் பம்புடன் இணைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் இரவும் பகலும் ஓடுகின்றன.

எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர்தான். கோடையில் டேங்கர் லாரித் தண்ணீரும் அதே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) கலக்கும். கடினத்தன்மை மிகுந்த தண்ணீர் என்பதால் கண்ணாடியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்துகொண்டே இருந்தது. அதனால் சென்ற ஆண்டிலிருந்து சமையலறை ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீரையே தொட்டிக்கு ஊற்றத் தொடங்கினேன். படிவு நின்றது, மீன்களும் நன்றாகவே இருந்தன.

கோடைத் தொடக்கத்தில் ஆர்ஓ இயந்திரம் பழுதானது. தொட்டித் தண்ணீர் சற்று மஞ்சளாகத் தெரிந்ததால், பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். அன்று மாலை வரை குறை ஒன்றும் தெரியவில்லை. இரவில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. சில அங்குமிங்கும் அம்புபோல் பாய்ந்து கண்ணாடியில் மோதின. விடிவதற்குள் ஏஞ்சல்களும் டெட்ராக்களில் பெரும்பாலானவையும் இறந்துவிட்டன. கௌராமிகளும் சில கோரிகளும் பிழைத்தன. கடையில் பாக்டீரியா நோய் என்று சொல்லி ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தார்கள், அதையும் போட்டேன். ஆர்ஓ இயந்திரத்தைச் சரிசெய்து, மீண்டும் அந்தத் தண்ணீரை ஊற்றிய பிறகு இறப்பு நின்றுவிட்டது. புதிய மீன்களும் வாங்கி விட்டேன். ஆடி மாதத்தில், ஆர்ஓ தண்ணீர் போதாமல், மறுபடி பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் ஊற்றியபோது, அச்சுப் பிசகாமல் அதேபோல் நடந்தது.

குழாய்த் தண்ணீரில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். அதைச் சோதிப்பதற்காக ஒரு வாளியில் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஏர் கல் (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு, கடையிலிருந்து வாங்கிய சில மீன்களை அதில் விட்டேன். அவை நாட்கணக்கில் துடிப்பாக நீந்திக்கொண்டிருந்தன. தொட்டியில் எஞ்சிய மீன்களும் பழைய தண்ணீரில் நலமாக இருக்கின்றன. இரண்டு தண்ணீரும் தனித்தனியே மீனைக் கொல்லவில்லை, சேர்ந்தால் கொல்கின்றன. இது எப்படி?

கொளத்தூர் பக்கம் எழுதியது:

வணக்கம் நண்பரே. தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவன் என்ற முறையில் எனக்கு முதலில் தோன்றுவது குளோரின்தான்.

வாளியில் மீன் பிழைத்ததை வைத்துக் குழாய்த் தண்ணீருக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். லாரித் தண்ணீரில் ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் குளோரின் அளவு மாறும். குடியிருப்புகளில் சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவும் நாளில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போடுவார்கள். நீங்கள் தொட்டியில் ஊற்றிய நாளின் தண்ணீரும் வாளியில் நிரப்பிய நாளின் தண்ணீரும் ஒன்றுதான் என்பதற்கு என்ன உறுதி? சம்ப் கழுவிய தேதியைக் காவலாளியிடமோ சங்கத்திலோ கேட்டுப் பாருங்கள். குழாயில் சிமென்ட் வேலை ஏதும் நடந்ததா என்பதையும் கேளுங்கள். புதுச் சிமென்ட் பூச்சு, தண்ணீரின் பிஎச்சை (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவை) வெகுவாக ஏற்றிவிடும்.

இறந்த மீனின் செவுள்மூடியை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தீர்களா? செவுளின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். நைட்ரைட் நஞ்சானால் இரத்தம் பழுப்பாகும். செவுளும் காப்பி நிறத்துக்குப் போகும். குளோரின் தாக்கினால் பெரும்பாலும் வெளிறி, ஓரம் வெந்ததுபோல் இருக்கும். அம்மோனியாவானால் கன்றிச் சிவந்து, சளி கோத்திருக்கும். இறந்து பல மணி நேரம் கழித்துப் பார்த்தால் இவை எதையும் நம்ப முடியாது. உயிர் போய்க்கொண்டிருக்கும் மீனிலோ அப்போதுதான் இறந்த மீனிலோதான் பார்க்க வேண்டும்.

அன்று இரவு மின்தடை இருந்ததா? தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டித் திரவம் செருகியிருந்தீர்களா? அத்திரவங்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதர்களைவிட மீன்களுக்குப் பல மடங்கு கொடியவை. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மேடவாக்கம் தொட்டி எழுதியது:

உடனே பதில் எழுதியதற்கு நன்றி, அண்ணா. சங்கத்தில் விசாரித்துவிட்டேன். சம்ப் கழுவியது இரண்டு சம்பவங்களுக்கும் வெகு முன்னால். சிமென்ட் வேலை எதுவும் நடக்கவில்லை. இரண்டு முறையும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் புட்டியில் குறிப்பிட்ட அளவுப்படி போட்ட பிறகே தண்ணீரை ஊற்றினேன். மின்தடை இல்லை. கொசுவிரட்டி பக்கத்து அறையில் தினமும் இரவு எரிகிறது; ஆனால் தண்ணீர் மாற்றாத நாட்களில் ஒரு மீன்கூட இறந்ததில்லை.

செவுளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடி மாதத்தில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஏஞ்சல் ஒன்றை எடுத்துப் பார்த்தபோது செவுள் அடர்சிவப்பாக, பளபளவென்று சளி பூத்ததுபோல் இருந்தது. காப்பி நிறமோ வெளிறலோ இல்லை.

வேதியியல் ஆசிரியை, மதுரை எழுதியது:

வணக்கம். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்க்கும்போது, உங்கள் தொட்டியின் தாங்கல் திறன் (அமிலம் சேர்ந்தாலும் பிஎச்சை விழாமல் பிடித்து வைக்கும் திறன்) தீர்ந்து, பிஎச் வீழ்ந்து, ஃபில்டரின் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிட்டன என்று கருதுகிறேன். விஷம் குழாயில் இல்லை. உங்கள் தொட்டியிலேயே, மீனைத் தாக்காத வடிவத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் அதன் வடிவத்தை மாற்றிவிட்டது.

சற்று விரித்துச் சொல்கிறேன். மீன்கள் செவுள் வழியாக வெளியிடும் அம்மோனியாவை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் இந்த மாற்றம் நடக்கும்போது அமிலம் உண்டாகிறது என்பதையும், அந்த அமிலத்தைத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்தான் தன்னைக் கொடுத்துச் சமன்செய்கிறது என்பதையும் மீன்கடைகளில் யாரும் சொல்வதில்லை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7.1 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அந்தப் பைகார்பனேட் கையிருப்பு, செலவாகும். அந்தக் கையிருப்பைத்தான் கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை, என்று அளக்கிறோம்; அதில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். எனவே, தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஏறும்போதெல்லாம் கேஎச் ஒரு டிகிரி இறங்கியிருக்கும்.

போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இந்தச் செலவு ஈடாகிவிடும். ஆர்ஓ தண்ணீரிலோ பைகார்பனேட் ஏறக்குறைய இல்லை. வரவு நின்று செலவு தொடர்ந்தால் கையிருப்பு ஒருநாள் தீரத்தான் செய்யும். அதன் பிறகு பிஎச் மளமளவென்று விழும். பிஎச் 6.5க்குக் கீழே போனதும் அந்தப் பாக்டீரியாக்கள் சுணங்கும். 6ஐ நெருங்கும்போது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். உங்கள் தொட்டியில் ஆன்டிபயாடிக் வேறு சேர்ந்திருக்கிறது. எஞ்சியிருந்த பாக்டீரியாக்களையும் அது குறைத்திருக்கக்கூடும்.

இனிதான் உங்கள் புதிருக்கான இடம். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அது செவுளை எளிதில் கடக்காது. மற்றொன்று அயனியாகாத அம்மோனியா, அதுதான் கொல்லி. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி செல்சியஸில், பிஎச் 6 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 0.07 விழுக்காடுதான் கொல்லி வடிவம். பிஎச் 8 ஆனால் 6.5 விழுக்காடு. அமிலத் தண்ணீரில் எவ்வளவு அம்மோனியா சேர்ந்தாலும் மீன்கள் தாக்குப்பிடித்திருக்கும். நீங்கள் காரத் தண்ணீரை ஊற்றிய இரவில் அது அவற்றின் மேல் திரும்பியிருக்கும்.

இது ஊகம்தான். அளந்தால்தான் உறுதி. காகிதப் பட்டைச் சோதனைகள் வேண்டாம். சொட்டு முறைச் சோதனைப் பெட்டி வாங்குங்கள். தொட்டித் தண்ணீரில் பிஎச், கேஎச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஐந்தையும் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் பிஎச்சை இரண்டு முறை அளக்க வேண்டும்: பிடித்தவுடன் ஒரு முறை, ஏர் கல் போட்டு ஒருநாள் வைத்த பிறகு ஒரு முறை. நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகக் கரைந்திருப்பதால் பிடித்தவுடன் பிஎச் குறைவாகக் காட்டும்; அந்த வாயு வெளியேறியதும் ஏறும். மாலை வரை ஒன்றும் தெரியாமல் இரவில் மீன்கள் துடித்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

அளவுகள் வரும் வரை குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம்.

நன்னீர் நேசன், கோவை எழுதியது:

ஆசிரியை சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் வேறொரு சாத்தியத்தை ஒதுக்கிவிடக் கூடாது. ஆர்ஓ தண்ணீரில் மாதக்கணக்கில் வாழ்ந்த மீன்களின் உடல், கரைந்த உப்புகள் குறைவான சூழலுக்குப் பழகியிருக்கும். கடினமான போர்வெல் தண்ணீரில் பாதியை ஒரே மூச்சில் ஊற்றினால் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) பல மடங்கு தாவும். அந்த அதிர்ச்சியே மீன்களைக் கொல்லப் போதுமானது.

வாளிச் சோதனையும் இதை மறுக்கவில்லை. கடையிலிருந்து வாங்கிய மீன்கள் சென்னையின் கடினத் தண்ணீரிலேயே வளர்ந்தவையாக இருக்கலாம். உங்கள் குழாய்த் தண்ணீர் அவற்றுக்குச் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. தொட்டியில் இருந்த மீன்களுக்கோ அது முற்றிலும் அயல். ஆகவே இரண்டையும் ஒப்பிட முடியாது.

வேதியியல் ஆசிரியை, மதுரை எழுதியது:

நல்ல மறுப்பு, அந்த வாளிச் சோதனைக்கு நானும் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுத்துவிடக் கூடாது. இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். ஆனால் அறிகுறிகள் அம்மோனியாவின் பக்கம்தான் சாய்கின்றன. கன்றிச் சிவந்து சளி பூத்த செவுளும், வெறி பிடித்ததுபோல் பாய்ந்ததும், மேற்பரப்பில் வாய் பிளந்ததும் செவுள் எரிச்சலைக் காட்டுகின்றன. உப்பு அதிர்ச்சியில் மீன்கள் பெரும்பாலும் துவண்டு, அடியில் ஒதுங்கி, துடுப்புகள் ஒடுங்கிக் கிடக்கும். கௌராமிகள் பிழைத்ததையும் கவனியுங்கள். அவற்றுக்குச் செவுளோடு கூடுதலாக, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. கோரிகளும் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். செவுள் கெட்டாலும் இவ்விரண்டும் சிறிது காலம் தாங்கும். இதைச் சான்று என்று சொல்ல மாட்டேன். திசை காட்டுகிறது என்பேன்.

ஒரு மீனையும் பணயம் வைக்காமல் இதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. சிறு வாளியில் தொட்டித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சம அளவு கலந்து, ஏர் கல் போட்டு, மறுநாள் அந்தக் கலவையின் பிஎச்சையும் அம்மோனியாவையும் அளந்து சொல்லுங்கள். டிடிஎஸ் மானி இருந்தால் மூன்று தண்ணீரையும் அளந்துவிடுங்கள்.

மேடவாக்கம் தொட்டி எழுதியது:

சோதனைகளை முடித்துவிட்டேன், மேடம். அளவுகள் வருமாறு.

தொட்டித் தண்ணீர்: பிஎச் குழலில் வெளிர்மஞ்சள், அட்டையில் ஆகக் கீழே உள்ள 6.0 நிறம் அது. அம்மோனியா 4 மில்லிகிராம். நைட்ரைட் இல்லை. நைட்ரேட் 80 அளவில். கேஎச் சோதனையில் தண்ணீர் நீலமாகி, சொட்டு எண்ணிக்கை கூடக் கூட ஒரு கட்டத்தில் மஞ்சளாக மாற வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. இதில் நீலம் வரவே இல்லை, முதல் சொட்டே மஞ்சளாக விழுந்தது. டிடிஎஸ் 240.

குழாய்த் தண்ணீர்: பிடித்தவுடன் பிஎச் 7.2, ஒருநாள் கழித்து 8.3. கேஎச் 12. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. டிடிஎஸ் 860.

சம அளவுக் கலவை, ஒருநாள் கழித்து: பிஎச் 8.0. அம்மோனியா 2 மில்லிகிராம்.

எல்லாம் லிட்டர் கணக்கில். தொட்டியின் வெப்பநிலை 28 டிகிரி. தற்போது நான்கு கௌராமிகளும் சில கோரிகளும் மட்டுமே இருக்கின்றன. பார்வைக்கு நலமாக இருக்கின்றன, உணவும் எடுக்கின்றன.

வேதியியல் ஆசிரியை, மதுரை எழுதியது:

இதைவிடத் தெளிவாக அளந்து சொல்ல முடியாது. கேஎச் அற்றுப்போய்விட்டது. 6.0 என்பது உங்கள் அட்டையின் அடிமட்டம் என்பதால் உண்மையான பிஎச் அதற்கும் கீழே இருக்கக்கூடும். அம்மோனியா மிகுந்திருந்தும் நைட்ரைட் இல்லாதது, ஃபில்டரில் முதல் படியே நடக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய தொட்டியில் மொத்த அம்மோனியா 4. அதில் கொல்லி வடிவம் லிட்டருக்கு ஏறத்தாழ 0.003 மில்லிகிராம். இது மீனை வருத்தாது. கலவை வாளியில் மொத்த அம்மோனியா பாதியாகக் குறைந்து 2 ஆகியிருக்கிறது. ஆனால் பிஎச் 8இல் கொல்லி வடிவம் 0.13. மொத்தம் பாதியான அதே நேரத்தில் நஞ்சு நாற்பது மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மீன் வளர்ப்பில் 0.02க்குக் கீழே வைத்திருப்பதே பாதுகாப்பு என்று கொள்வார்கள், 0.05ஐத் தாண்டினால் செவுள் கெடத் தொடங்கும். இன்று உங்களிடம் இருப்பது சில மீன்கள்தாம். கோடையிலும் ஆடியிலும் தொட்டி நிறைய மீன்கள் இருந்தபோது மொத்த அம்மோனியா இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். அந்த இரவுகளில் நஞ்சு எந்த அளவுக்குப் போயிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கோவை நண்பர் சொன்ன டிடிஎஸ் தாவலும், 240இலிருந்து 550 அளவுக்கு ஒரே வீச்சில், கூடவே சேர்ந்திருக்கிறது. அதையும் மறுக்க வேண்டியதில்லை.

இப்போது மருத்துவம். இதில் வரிசை மாறினால் எஞ்சிய மீன்களையும் இழக்க நேரும். முதலில் அம்மோனியாவை வெளியேற்ற வேண்டும். பிஎச்சைத் தொடவே கூடாது. பிஎச் குறைவாக இருப்பதைப் பார்த்ததும் ஆப்ப சோடாவை அள்ளிப் போடத்தான் கை துடிக்கும், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். இன்றைய நிலையில் உங்கள் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த அமிலத்தன்மைதான். தினமும் 30 விழுக்காடு தண்ணீரை எடுத்துவிட்டு, தொட்டியின் வெப்பநிலைக்கு வந்த ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் 4 என்பது 2.8, 2, 1.4, 1 என்று இறங்கி, ஒரு வாரத்தில் 0.5க்கு அருகே வந்துவிடும். அந்த நாட்களில் உணவை அறவே நிறுத்திவிடுங்கள். நன்றாக வளர்ந்த கௌராமியும் கோரியும் ஒரு வாரம் உணவின்றி இருந்தால் ஒன்றும் ஆகாது. உள்ளே போகாத உணவு அம்மோனியாவாகவும் வராது.

அம்மோனியா 0.5க்குக் கீழே வந்த பிறகு கேஎச்சை ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றத் தொடங்கலாம். 15 லிட்டர் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒருநாள் ஏர் கல் ஓடிய குழாய்த் தண்ணீர் 15 லிட்டரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஏறத்தாழ அந்த அளவுதான் ஏறும். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்றால் ஆப்ப சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம் கரைத்து ஊற்றினால் ஒரு டிகிரி. எந்த வழியானாலும் அன்றன்று அம்மோனியாவை அளந்து, 0.5க்கு மேல் தெரிந்தால் அன்று ஏற்றாதீர்கள். கேஎச் 4 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

கொளத்தூர் பக்கம் எழுதியது:

குளோரின் என்று நான் நினைத்தது தவறாகிப்போனதில் மகிழ்ச்சிதான்; காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஃபில்டரைப் பற்றி நடைமுறையாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கேஎச் ஏறத் தொடங்கியதும் பாக்டீரியாக்கள் தாமாகவே திரும்பும். ஆனால் புதுத் தொட்டியைப் போல 3 முதல் 6 வாரம் வரை ஆகலாம். நோயில்லாத, நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் ஓடவிட்டால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். உங்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். இடையில் நைட்ரைட் தலைகாட்டும். அப்போது லிட்டருக்கு அரை கிராம் கல்லுப்புக் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உடலுக்குள் நுழைவதைத் தடுக்கும். கோரிகள் இருப்பதால் இதற்கு மேல் போக வேண்டாம்.

கேஎச் மறுபடி தீராமல் இருக்க, கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, நொறுக்கி, வலைப்பையில் கட்டித் தொங்கும் ஃபில்டருக்குள் வைக்கலாம். தண்ணீர் அமிலமாகும்போது அது சிறிது சிறிதாகக் கரைந்து ஈடுகொடுக்கும். அமிலம் இல்லாதபோது சும்மா கிடக்கும். ஆனால் கிளிஞ்சல் என்றதும் யாராவது கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக அழுத்திச் சொல்கிறேன்: சுட்ட சுண்ணாம்பு விழுந்தால் பிஎச் கண்டபடி ஏறி, மீன்கள் மடிந்துவிடும். இதையும் அம்மோனியா இறங்கிய பிறகே வையுங்கள்.

இன்னொன்று, மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். மீன் இறந்தது என்று சொன்னவுடன் தண்ணீரைச் சோதிக்காமல் ஆன்டிபயாடிக் எடுத்து நீட்டும் வழக்கம் மாற வேண்டும். ஒரே இரவில், பல இன மீன்கள், புண்ணோ பூஞ்சையோ இல்லாமல், தண்ணீர் மாற்றிய பிறகு இறந்தால் அது நோயாக இருப்பது அரிது. நோய் இப்படிக் கணக்குப் பார்த்து வராது. ஒன்றிரண்டாக, நாட்கணக்கில் இழுத்துத்தான் வரும்.

மேடவாக்கம் தொட்டி எழுதியது:

எல்லோரும் சொன்ன வரிசைப்படியே செய்தேன். ஆர்ஓ தண்ணீரால் அம்மோனியா 0.5க்குக் கீழே வந்த பிறகு, குழாய்த் தண்ணீரைச் சொட்டு முறையில் விட்டுக் கேஎச்சை 4 வரை கொண்டுவந்துவிட்டேன். ஒரு மீன்கூட இறக்கவில்லை. வேளச்சேரியில் இருக்கும் நண்பர் ஒருவர் தம் தொட்டியின் ஸ்பாஞ்சைத் தந்து உதவினார். பிஎச் இப்போது 7.6. நடுவில் நைட்ரைட் ஏறியது. உப்புப் போட்டுச் சமாளித்தேன், இப்போது இறங்கு முகத்தில் இருக்கிறது. கோரிகள் மறுபடி மணலைக் கிளறத் தொடங்கிவிட்டன.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. ஆர்ஓ தண்ணீரை இனி முற்றிலும் நிறுத்திவிட வேண்டுமா? புதிய மீன்களை எப்போது வாங்கலாம்?

வேதியியல் ஆசிரியை, மதுரை எழுதியது:

கேட்க மிகவும் நிறைவாக இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. குற்றம் அதனுடையது அல்ல, அதில் தாதுவைச் சேர்க்காமல் ஊற்றியதுதான் சிக்கல். ஆவியாகிக் குறையும் தண்ணீரை ஈடுசெய்ய ஆர்ஓ தண்ணீரே சிறந்தது, ஏனென்றால் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. வாராந்தர மாற்றத்துக்கு மட்டும் ஒரு பங்கு குழாய்த் தண்ணீரோடு இரண்டு பங்கு ஆர்ஓ தண்ணீரைக் கலந்து, ஆன்டி குளோரின் போட்டு, ஏர் கல்லுடன் ஒருநாள் வைத்து ஊற்றுங்கள். குழாயின் கேஎச் 12 என்பதால் கலவை 4இல் நிற்கும். டிடிஎஸ் 300 சுமாருக்கு வரும். உங்கள் ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் அது ஏற்ற தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீர் கலக்கும்போது குழாயின் கேஎச் மாறும் என்பதால், அந்த மாதங்களில் கலப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அளந்துகொள்ளுங்கள்.

புதிய மீன்களுக்கு அவசரம் வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் சுழியமாக இருந்த பிறகு, முதலில் ஆறு டெட்ராக்களை மட்டும் விடுங்கள். அந்தக் கூடுதல் சுமையை ஃபில்டர் தாங்குகிறதா என்று மறு வாரம் அளந்து பார்த்துவிட்டு ஏஞ்சல்களை வாங்கலாம்.